"எங்க வீட்ல யாருக்கும் இந்தி தெரியாது சார்"

நான் கேட்டது இவ்வளவுதான். "தம்பி, நீ சொல்லு. உங்க வீட்ல இந்தப் படத்தைப் பாத்தா எப்படி எடுத்துக்குவாங்க?"

அவன் எழுந்தான். "எங்க வீட்ல யாருக்கும் இந்தி தெரியாது சார்" என்றான். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இந்தியை விடுப்பா, அந்தக் குடும்பத்துக்கு வந்த கஷ்டம் இருக்குல்ல, அது உங்க தெருப்பக்கம்…" என்று இழுத்தேன். "எங்க தெருவுல எல்லாரும் அங்கேயேதான் சார் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். நான் உட்காரச் சொல்லவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவும் இல்லை.

படம் 'கரம் ஹவா'. எம்.எஸ். சத்யு எடுத்தது. வரலாற்றுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுவதை ஒரு வேண்டுதல் மாதிரி வைத்திருக்கிறேன். பிரிவினை என்றால் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு ஐந்து மார்க் கேள்வி. பஞ்சாப், வங்காளம், ரயில், அகதிகள், முடிந்தது. இந்தப் படத்தில் ஒரு வெட்டுக்குத்துகூட நேராகக் காட்டப்படுவதில்லை. ஆக்ராவில் செருப்புத் தொழில் செய்யும் சலீம் மிர்ஸா, அவருடைய வீடு, அம்மா, மகள் அமினா, மகன்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்கு ரயில் ஏறுகிறார்கள். அண்ணனும் போய்விட, அவர் பெயரில் இருந்த பூர்வீக வீடு சர்க்கார் கைக்குப் போகிறது. வீட்டைக் காலி செய்யும் அன்று கிழவி விறகு அறையில் போய் ஒளிந்துகொள்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு வரும் இடத்தில் பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிடுவார்கள். எந்த வருஷமும் தப்பியதில்லை.

சரி, அவனை ஏன் கேட்டேன்? நல்ல எண்ணத்தில்தான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லியாகிவிட்டது. பின்வரிசையில் பேசாமல் இருக்கிற பையன், ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று. அதில் பொய் இல்லை. ஆனால் பின்வரிசையில் பேசாமல் இருந்தவர்கள் இன்னும் பத்துப் பேராவது உண்டு. அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக்குப் படத்தைப் போட்டுவிட்டோம். ஜும்ஆ தொழுகை முடித்து, மேலப்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து அவன் வந்து சேர்ந்தபோது இரண்டே கால். கதவைத் திறந்ததும் திரையில் வெளிச்சம் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தொப்பியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இருட்டில் இடம் தேடினான். நான் கேள்வி கேட்க ஆளைத் தேர்ந்தெடுத்தது நாலரை மணிக்கு இல்லை, அப்போதே.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. கேள்வி கேட்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் நான் பேசியது சலீம் மிர்ஸா கடன் கேட்டு அலையும் காட்சிகளைப் பற்றி. ஆர்டர் கையில் இருக்கிறது, பணம்தான் இல்லை. எங்கே போனாலும் கையை விரிக்கிறார்கள். யாரோ நாலு பேர் கடனை அடைக்காமல் பாகிஸ்தான் போய்விட்டார்களாம், அதனால் இவரும் போய்விடுவார் என்று சந்தேகம். வாடகைக்கு வீடு தேடினாலும் பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்படுகிறது. "மனுஷனைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்ப்பது" என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்பி, "தம்பி, நீ சொல்லு."

சலீம் மிர்ஸாவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி அந்தப் படத்தில் எங்கேயும் குரலை உயர்த்த மாட்டார். இருக்கவா போகவா என்று கேட்கிறவர்களுக்குச் சின்னதாக ஒரு சிரிப்புதான் பதில். படம் வெளிவருமுன், 1973 ஏப்ரல் 13 அன்று அவர் இறந்துவிட்டார். இதை ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்வேன். அந்தச் சிரிப்பை என் வகுப்பிலேயே ஒருவன் சிரிக்க, அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்டாஃப் ரூமில் ஒரு மூத்த நண்பரிடம் சொன்னேன். "என்னவே, இதுக்கெல்லாம் மனசை உழப்பிட்டு இருக்கீரு? மறுநாளே அந்தப் பயலுக்கு மறந்திருக்கும்" என்றார். இருக்கலாம். அவனும் எதையும் மனதில் வைத்தவனாகத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே வராந்தாவில் வந்து நின்று, "சார், நான் பாக்காத முதல் பதினஞ்சு நிமிஷம் கிடைக்குமா?" என்று பென்டிரைவை நீட்டினான். முழுப் படத்தையும் போட்டுக் கொடுத்தேன். திங்கட்கிழமை பார்த்தபோது "பாத்தேன் சார்" என்றான். ஏதாவது சொல்வான் என்று நின்றேன். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றேன். வணக்கம் சொல்லிப் போய்விட்டான். இதில் அவன் என்னை மன்னித்தானா, மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லையா, படம் பிடித்திருந்தது, அவ்வளவுதானா? மூன்றில் எது என்று நானே மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த வருஷம் உஷாராகிவிட்டேன். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "யாராவது பேசலாம்" என்றேன். பெரிதாக யாரும் பேசவில்லை. இரண்டு பேர் இசையைப் பாராட்டினார்கள், ஒருவன் தேர்வில் வருமா என்று கேட்டான். எல்லோரும் போனபிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஒரு பிள்ளை வந்தது. "சார், அந்த அமினா செத்துப்போனதைப் பத்தி நான் பேசணும்னு எழுதியே வச்சிருந்தேன். நீங்க எங்க பக்கமே திரும்பலியே" என்றது. உண்மைதான். திரும்பக் கூடாது என்று தீர்மானித்துத்தான் நின்றிருந்தேன்.

அந்தத் தாளை வாங்கிப் படித்தேன். ஒன்றரைப் பக்கம். பாகிஸ்தான் போன இரண்டு பேரை நம்பி அவள் ஏமாந்தது பற்றித்தான் முழுக்க இருந்தது. மதம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த வருஷமும் ஹால் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் கிடைத்திருக்கிறது. இரண்டரைக்குப் படத்தைத் தொடங்கினால் தொழுதுவிட்டு வருகிறவர்கள் முதல் காட்சியைப் பார்த்துவிடலாம். ஆனால் முடிய ஐந்தாகும். களக்காட்டுப் பஸ் பிடிக்கிற பிள்ளைகள் ஏன் லேட்டு என்று கேட்பார்கள். காரணத்தை நோட்டீஸில் எழுதுவதா, சும்மா 2.30 என்று மட்டும் போடுவதா? நோட்டீஸ் இரண்டு நாளாக மேஜையில் கிடக்கிறது, நேரம் எழுதாமல்.