கடல் ஓவியத்தில் மணி என்ன?

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் ஓவியம் வாங்குகிறவர்கள் குறைவு. ஓவியத்துக்குப் பொருள் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓவியக்கூடம் ஒன்றில் விற்பனையைக் கவனித்துக்கொள்ளும் எனக்கு இது நன்றாகவே தெரியும். ஒற்றைப் படகு என்றால் தனிமை, அலை என்றால் மனப்போராட்டம், தொடுவானம் என்றால் எதிர்காலம். எல்லோரிடமும் ஓர் அகராதி தயாராக இருக்கிறது.

நான் முதலில் கேட்பது, படத்தில் மணி என்ன என்பதைத்தான். நம் கரையில் சூரியன் கடலில் எழும், கடலில் விழாது. கடலைப் பார்த்து வரைந்த படத்தில் நிழல்கள் நம் பக்கம் நீண்டால் காலை, கடல் பக்கம் நீண்டால் மாலை. நீர்மேல் நிற்கும் செவ்வட்டத்தைப் பார்த்து “என்ன அழகான அஸ்தமனம்!” என்று உருகுகிறவர்களிடம் இதைச் சொல்ல நான் தயங்குவதில்லை.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படம் ஒன்றை ‘அமைதி’ என்று பலர் ரசித்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலக் காட்சி அது. அந்த அமைதிக்குள் எத்தனை வீட்டு அடுப்பு இருக்கிறது!

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு தைலவண்ண ஓவியம். மணலில் தனித்தனியாகச் சாய்ந்து கிடக்கும் மரக்கட்டைகள், ஒரு கயிற்றுச் சுருள், மேலே இரண்டு விரல் அகலத்துக்குக் கடல், வெளிறிய இளஞ்சிவப்பு வானம். உடைந்த படகு, சிதைந்த வாழ்க்கை என்று பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். எங்கள் கூடத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் அண்ணன், மீனவர் ஊரான வைத்திக்குப்பத்துக்காரர். “எதுவும் உடையவில்லை தம்பி. கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப் போட்டிருக்கிறார்கள். ஊறிய கட்டை கனக்கும், நாளைக்குத் தள்ள முடியாது” என்றார்.

அதற்காகப் படத்தின் சோகம் பொய்யாகிவிடவில்லை. நிழல்கள் கடல் பக்கம் நீள்கின்றன, மாலை. விடியுமுன் போனவர்கள் கரையேறிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். மணலில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. நிறத்தை நீக்கினால் எது வெளிச்சம், எது இருள் என்பது மட்டும் மிஞ்சும் என்று கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்த்தேன். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் வரைந்த லெ ஹாவ்ர் துறைமுக ஓவியத்தை அப்படிப் பார்த்தால் செஞ்சூரியன் வானத்துச் சாம்பலில் ஏறக்குறைய கரைந்துபோகும். இதில் வானம் வெறுமையாகிக் கட்டைகள் மட்டும் கறுத்து நின்றன. பாரத்தை ஓவியர் அங்கேதான் இறக்கியிருக்கிறார். நெய்தலுக்குரிய இரங்கல், போனவன் வரவில்லையே என்று கரையில் நிற்பவளின் துயரம். இங்கே போனவர்கள் வந்துவிட்டார்கள், நிற்பதற்கு ஆளும் இல்லை. அப்படியும் துயரம் மிஞ்சுகிறது. அகராதிக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான்.

சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி அதை வாங்கவே தீர்மானித்திருந்தார்கள். கட்டை காய்கிற விவரத்தைச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. “உடைந்தது என்று நினைத்துத்தான் பிடித்திருந்தது” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த கலங்கரை விளக்கப் படத்தின் விலையைக் கேட்டார்.