பேறுகால மனச்சோர்வு: வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஒரு நாட்குறிப்பு

2025 ஜூன் 3, செவ்வாய்

பிரசவமான இரண்டாம், மூன்றாம் நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற எண்ணம் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தூக்கத்தைக் குறிப்பாக விசாரியுங்கள். குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் தாய்க்குக் கண் மூடவில்லை என்றால் அது வெறும் அலுப்பு அல்ல.

ஜூன் 5, வியாழன்

பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாத்தாள் 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது, தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. பொதுவாக 13-ஐத் தொட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். பத்தாவது கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்த மதிப்பெண் எதுவானாலும், அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நர்ஸ் கேள்விகளை உரக்கப் படித்தால் எல்லாப் பதிலும் 'இல்லை' என்றே வரும். தனியறையில் அவளே குறிக்கட்டும். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனையும் செய்துவிடுங்கள். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரும்.

ஜூன் 9, திங்கள்

வீட்டார் செய்யக்கூடியதில் முதன்மையானது, அவளுக்கு இரவில் நான்கைந்து மணி நேரம் இடைவிடாத தூக்கம். ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்கட்டும். நடுவில் குழந்தை எழுந்தால், பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்த பாலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, கணவரோ அம்மாவோ பாலாடையில் புகட்டலாம். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை தாங்கும். ஒரு சிணுங்கலுக்கே 'பசிக்குது போல' என்று குழந்தையை அவளிடம் தூக்கிப் போவதில்தான் இந்த ஏற்பாடு குலைகிறது. முதலில் துணியைப் பாருங்கள், தோளில் போட்டுத் தட்டுங்கள்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

'நாங்கல்லாம் அஞ்சு பெத்து வளர்க்கலையா?' என்ற பேச்சு அவள் வாயை அடைத்துவிடும். 'நான் குளிப்பாட்டுறேன், நீ போய்ப் படும்மா' போதும்.

ஜூன் 13, வெள்ளி

மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்கள் அதிகம் தருவது அதுதான். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்து நாளில் 'ஒன்றும் ஆகவில்லை' என்றோ, தேறியதும் 'சரியாகிவிட்டது' என்றோ தாமாக நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்பி வருகிறது. தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள்.

ஜூன் 16, திங்கள்

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் தந்த 26 வார விடுப்பில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தவருக்கு, பிறகு மிஞ்சுவது 18 வாரம். ஐந்தாம் மாதம் தாய் வீட்டிலிருந்து கிளம்புவதும் வேலைக்குத் திரும்புவதும் ஒரே வாரத்தில் விழுந்தால், உதவிக்கு இருந்த கைகள் விலகும் நேரத்தில் சுமை கூடுகிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு வாரமாவது விடுங்கள். பிரசவத்தால் வந்த நோய்க்கு மருத்துவச் சான்றோடு மேலும் ஒரு மாதம் ஊதிய விடுப்புக் கேட்க வழி உண்டு.

மேலாளருக்கு: முதல் மாதம் நைட் ஷிப்ட் வேண்டாம். பால் பீய்ச்சத் தாழ்ப்பாள் உள்ள அறையும் ஃப்ரிட்ஜும் வேண்டும், கழிப்பறையைக் காட்டாதீர்கள். என்ன நோய் என்று துருவாமல் 'எந்த வேலையை இப்போதைக்கு மாற்றிவிடட்டும்?' என்று கேளுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் சட்டக் கடமை. அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வரவும் உரிமை உண்டு.

ஜூன் 20, வெள்ளி

ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில், மனநிலை அடியோடு குலையும்: தூங்காமலே துடிப்பு, காதில் குரல், குழந்தையைப் பற்றி விபரீதப் பேச்சு. ஊரில் ஜன்னி என்றும் காத்து கருப்பு என்றும் மந்திரிக்க அழைத்துப் போய் நேரத்தை விடுகிறார்கள். அவளைத் தனியாகவோ, குழந்தையோடு தனியாகவோ விடாமல் நேரே மனநலப் பிரிவுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மனச்சோர்வு பற்றி யாரிடம் கேட்பது என்று திகைப்பவர்களுக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.