ஐபாட் 5.5-இல் தமிழ்ப் பெயர்கள்: மூடி திறக்க ஒரு மணி நேரம், ‘கொ’ வர மூன்று வாரம்

ஒரு வழியாக ‘கொ’ வந்துவிட்டது. ககரத்துக்குப் பின்னால் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்த கொம்பு முன்னால் வந்து நிற்கிறது, கால் தன் இடத்தில் இருக்கிறது, ‘கு’ ஒரே எழுத்தாக வருகிறது, புள்ளி மெய்யின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. 2006-இல் வந்த ஐபாட் வீடியோ 5.5, உள்ளே ஆப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் இலவச மென்பொருளான ராக்பாக்ஸ். ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு போடும் வேலையைப் பலரும் எழுதிவிட்டார்கள். தமிழ் டேக் (பாட்டுக் கோப்புக்குள் இருக்கும் தலைப்பு, பாடகர் போன்ற விவரம்) விஷயத்தை யாரும் முழுசாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் அதுதான்.

20 வருஷத்துப் பழைய பெட்டியை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்றால், புதிதாகக் கடையில் கிடைப்பவற்றின் லட்சணம் அப்படி. ஆண்ட்ராய்டு வைத்த பிளேயர் தமிழை அழகாகக் காட்டும். ஆனால் செங்கல் கனம், பையிலிருந்து எடுக்காமல் பாட்டு மாற்றப் பொத்தான் போதாது, பேட்டரி ஒரு நாள் தாங்கினால் அதிசயம். சின்னதாக, தனக்கென்று ஒரு மென்பொருளோடு வரும் பிளேயர்களில் ஒலி பிரமாதம். தமிழ்ப் பெயர் மட்டும் கட்டம் கட்டமாக வரும், இல்லையென்றால் கொம்பு பின்னால் போகும். இன்னும் சில, டிராக் எண்ணை மதிக்காமல் கோப்புப் பெயரைப் பார்த்து 1, 10, 11, 2 என்று வாசிக்கும். கச்சேரியில் தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் அரை நொடி மௌனம் போடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வன்பொருளைச் சுருக்கமாக முடிக்கிறேன். வாங்கும்போது 80 ஜிபி மாடலின் போர்டு இருப்பதைத் தேடுங்கள். 30 ஜிபி போர்டில் ராம் 32 எம்பி, 80-இல் 64 எம்பி. பாட்டு எண்ணிக்கை ஏறும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கும். 5-ஆ 5.5-ஆ என்று சந்தேகம் வந்தால், ஆப்பிளின் சொந்த மெனுவில் ‘தேடல்’ இருந்தால் 5.5. அடுத்து வந்த ஐபாட் கிளாசிக்கின் முதல் இரண்டு தலைமுறையில் ஆப்பிள் மென்பொருளுக்கு 128 ஜிபிக்கு மேல் எட்டாது. 5.5-க்கு அந்தத் தொல்லை கிடையாது, 256 ஜிபி கார்டைத் தாராளமாகப் போடலாம்.

திறக்கும்போது பின்மூடியைச் சட்டென்று பிடுங்காதீர்கள். பேட்டரி ரிப்பன், ஹெட்ஃபோன் ஜாக் ரிப்பன் இரண்டும் மூடியோடு ஒட்டிக்கொண்டு வரும். பேட்டரி ரிப்பனின் இணைப்பியில் நகக்கண் அளவு தாழ்ப்பாள் ஒன்று உண்டு. அதை மேலே தூக்கிவிட்டுத்தான் ரிப்பனை உருவ வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் தாழ்ப்பாள் உடையும், அதோடு கதை முடிந்தது. மெல்லிய பின்மூடிக்குள் ஏறக்குறைய 2000 எம்ஏஹெச் பேட்டரிதான் அடங்கும், 3000 என்றால் தடித்த மூடி வேண்டும். அட்டையில் அச்சடித்த எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். ராக்பாக்ஸில் ‘பேட்டரி பெஞ்ச்’ இருக்கிறது, ஒரு முழுச் சுற்று ஓடவிட்டால் உண்மை வெளிவரும்.

கார்டு வந்ததும் முதல் வேலை, கார்டின் உண்மைக் கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 நிரலால் முழுக்க எழுதிப் படித்துப் பார்ப்பது. முதலில் வந்த கார்டு 256 என்று சொல்லிக்கொண்டு 60-ஐத் தாண்டியதும் முன்னால் எழுதியதன் மேலேயே எழுதியது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, ஆனால் விலையைப் பார்த்தபோதே மண்டையில் உறைத்திருக்க வேண்டும். மூடி திறக்கும் பிளாஸ்டிக் நெம்புகோல், கேப்டான் டேப், மெல்லிய ஸ்பாஞ்சு எல்லாம் சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். கார்டு அடாப்டரைத்தான் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும்.

விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் வழியாக ரீஸ்டோர் செய்தால் ஃபேட்32 வடிவம் கிடைக்கும். மேக்கில் செய்தால் வேறு வடிவம் வரும், அதில் ராக்பாக்ஸ் ஏறாது. பிறகு ராக்பாக்ஸை நிறுவித் தரும் ராக்பாக்ஸ் யுடிலிட்டி, ஐந்து நிமிஷம். பாட்டுகளை ஏற்றும்போது டிஸ்க் மோடில் போட்டு ஏற்றுங்கள். அதற்குப் போக: மெனுவையும் நடுப்பொத்தானையும் அழுத்தி ரீசெட், உடனே நடுப்பொத்தானும் பிளேயும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ராக்பாக்ஸுக்கு அரபி, ஹீப்ரூவை வலமிருந்து இடமாகக் காட்டத் தெரியும். இந்திய மொழி எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாது. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு. அந்தக் கொம்பை முன்னால் நகர்த்துவது திரையில் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. ராக்பாக்ஸ் வந்த வரிசையில் அப்படியே வரைந்துவிடும். ஆக ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு மூன்றும் எழுத்துக்குப் பின்னால் போகும். உகர, ஊகார வரிசையில் இன்னும் மோசம். கு, சு, டு, மு, ரு என்று ஒவ்வொன்றும் தனி வடிவம், பொதுவான குறியை ஒட்டவைத்து ஒப்பேற்ற முடியாது. டி, டீ வேறு இருக்கிறது.

முதலில் எடுத்த வழி குறுக்குவழி: டேகிலேயே கொம்பைத் தூக்கி முன்னால் எழுதிவிடுவது. கண்ணுக்குப் பாதி சரியாக வந்தது. உகரங்கள் வரவில்லை, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியலைப் பார்த்தால் கெ, சே, பை, மொ எல்லாம் ககரத்திலும் சகரத்திலும் இல்லாமல் கொம்பின் கீழ் ஒரே மூட்டையாகக் குவிந்து கிடந்தன. ராக்பாக்ஸ் வரிசைப்படுத்துவது குறியீட்டு எண்ணைப் பார்த்து. முதலில் கொம்பு வந்தால் கொம்புக்குத்தான் போகும். ஆயிரக்கணக்கான பாட்டில் இப்படித் தேட முடியாது. அந்த வழியைக் கைவிட்டாயிற்று.

கைகொடுத்தது டேஸ்16. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்த குறியாக்கம். 247 எழுத்துக்கும், கிரந்த எழுத்துகளுக்கும் தனித்தனி எண். யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருப்பதால் இணையத்தில் புழங்கவில்லை. அந்தக் குறைதான் இங்கே வரமாகிவிட்டது. ‘கொ’ ஒரே குறி, ‘கு’ ஒரே குறி, ‘க்’ ஒரே குறி. கோக்க ஒன்றுமில்லாததால் ராக்பாக்ஸின் அறியாமை நம்மைப் பாதிக்காது. இன்னொரு லாபம் எதிர்பாராதது: அகரவரிசை. யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் இருக்கும். டேஸ்16-இல் நம் அரிச்சுவடி வரிசையே எண் வரிசை. பட்டியல் ழ, ள, ற, ன என்று முடிகிறது. ‘கொ’ யூனிகோடில் 6 பைட், இதில் 3. நீளமான பல்லவி வரிகளைத் தலைப்பாக வைப்பவர்களுக்கு இடம் மிச்சம்.

மாற்றும் நிரல் பைத்தானில் 80 வரி. டேகைப் படிக்கவும் எழுதவும் மியூடஜன் என்ற பைத்தான் நூலகம். ஒன்று முக்கியம்: மூலக் கோப்பைத் தொடாதீர்கள். டேஸ்16 டேக் வேறு எங்கே போனாலும் வெறும் கட்டம்தான். கணினியில் யூனிகோட் மூலம் அப்படியே இருக்கட்டும், ஐபாடுக்குப் போகும் நகலில் மட்டும் மாற்றுங்கள்.

மாற்றுவது சுலபம். சுத்தம் செய்வதில்தான் மூன்று வாரத்தில் இரண்டு போனது. தமிழ் டேகுகளில் கண்ணுக்குத் தெரியாத குப்பை இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை:

‘கொ’வை ஒரே உயிர்க்குறியாகவும் அடிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். எல்லாவற்றையும் என்எஃப்சி, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இது தீரும்.

‘மௌனம்’ என்பதைப் பாதிப் பேர் ‘மெளனம்’ என்று அடித்திருக்கிறார்கள். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு, அதன்பின் அசல் ளகரம். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, பட்டியலில் மட்டும் எங்கோ மெகர வரிசையில் போய் ஒளிந்துகொள்ளும். ‘தெளிவு’, ‘தெள்ளமுது’ போன்றவற்றைக் கெடுக்காமல் திருத்த ஒரு விதி: கொம்புக்குப் பின் வரும் ளகரத்தின்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாவிட்டால் மட்டும் ஔகாரமாக்கு. மாறியவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து ஒரு முறை கண்ணால் ஓட்டுங்கள்.

பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய டேகுகளில் ‘ர்’ இருக்காது, காலின்மேல் புள்ளி வைத்த ‘ா்’ இருக்கும். ‘அவர்கள்’ என்று படித்துவிட்டுப் போய்விடுவோம். நிரலோ மெய்யில்லாத புள்ளியைப் பார்த்து மூச்சடைத்து நிற்கும். காலும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் ‘ர்’. தமிழில் காலுக்குமேல் புள்ளி வரவே வழியில்லை என்பதால் இதை என்எஃப்சிக்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

‘எ’ இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு, ‘௭’. ‘அ’ இடத்தில் எட்டு, ‘௮’. யார் செய்த புண்ணியமோ! பாட்டுத் தலைப்பில் தமிழ் எண் வருவது அபூர்வம், அதனால் அடுத்து எழுத்து இருந்தால் மாற்றிவிடலாம்.

‘ஸ்ரீ’ இரண்டு விதமாக வரும், ஸகரத்தோடும் ஶகரத்தோடும். இரண்டையும் ஒரே குறிக்கு அனுப்புங்கள். ‘க்ஷ’வை ‘க்’, ‘ஷ’ என்று தனியாகப் பிரிக்கும் முன்னால் பொருத்திப் பார்க்க வேண்டும். ‘ரிக்‌ஷா’ போல இரண்டையும் பிரித்தே காட்ட விரும்பியவர்கள் நடுவே, ஒட்டாமல் தடுக்கும் அகலமில்லாக் குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறியை ஆரம்பத்திலேயே துடைத்துவிட்டால் அவர்கள் எண்ணம் போச்சு. கடைசியில் நீக்குங்கள்.

அடுத்தது எழுத்துரு. டேஸ்16 எழுத்துருக்களை அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தருகிறது. ஆங்கில எழுத்தும் எண்ணும் அதே கோப்பில் இருக்கின்றனவா என்று பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் மெனு காணாமல் போகும். ராக்பாக்ஸின் மூலநிரலோடு வரும் கன்வ்டிடிஎஃப் கருவி அதைத் தன் வடிவத்துக்கு மாற்றித் தரும். அளவு 15 பிக்சல் என்றால் ‘ழ்’ ஒரு கறைதான், ‘ண்’ணின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். 18 சுமார். 22-இல் நின்றது. 320-க்கு 240 திரையில் பத்து வரி, போதும். வரிகளுக்கிடையே ஒரு பிக்சலாவது விடுங்கள். மேல்வரியின் ‘ஞு’ வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும்.

எழுத்துருவை மாற்றியும் பட்டியலில் மட்டும் தமிழ் வந்து, பாடும் திரையில் வெற்றிடமாக இருந்தால் பதறவேண்டாம். பல தீம்கள் பாடும் திரைக்கென்று தனி எழுத்துருவைத் தாங்களே ஏற்றிக்கொள்ளும். தீமின் கோப்பைத் திறந்து அந்தப் பெயரை மாற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை. அமைப்புகளில் எத்தனை எழுத்து வடிவங்களை நினைவில் வைக்கலாம் என்ற எண்ணையும் 400-க்கு உயர்த்துங்கள், இல்லாவிட்டால் பட்டியலை உருட்டும்போது விக்கும். பிறகு டேட்டாபேஸைப் புதிதாகக் கட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இடைவெளியில்லா வாசிப்பு பற்றி ஒரு வார்த்தை. ராக்பாக்ஸ் சரியாகச் செய்கிறது, கோப்பு ஒத்துழைத்தால். எம்பி3 ஒரு சட்டத்துக்கு (ஃபிரேம்) 1152 ஒலி மாதிரி (சாம்பிள்) என்று அடைப்பதால் முன்னும் பின்னும் வெற்று ஒலி சேரும். எவ்வளவு என்று எம்பி3 ஆக்கும் நிரலான லேம் தன் தலைப்பில் எழுதிவைக்கும், ராக்பாக்ஸ் அதைப் படித்து வெட்டும். யாரோ வெட்டி ஒட்டிய எம்பி3-இல் அந்தக் குறிப்பே இருக்காது, அங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ராகம் தானம் பல்லவிக்கெல்லாம் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம். இந்தப் பழைய 80 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு ஃபிளாக்கை அவிழ்ப்பது சுலபம், இன்னும் சிறிதாகச் சுருக்கும் ஓபஸ் வடிவம்தான் மூச்சுவாங்க வைக்கும், பேட்டரியையும் தின்னும். இடம் மிச்சப்படுத்த ஓபஸுக்கு மாற்றிவைத்த 40 ஜிபியைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கிறது.

இன்னும் தீராதது கோப்புப் பெயர்கள். டேட்டாபேஸ் வழியாகப் போனால் தமிழ் சரி, கோப்பு உலாவியில் போனால் பழைய கொம்புக் குழப்பமே. கோப்புப் பெயரையும் மாற்றினால் பிளேலிஸ்ட் எல்லாம் அறுந்துவிடும், அவற்றையும் சேர்த்து மாற்ற நிரலில் இன்னொரு 20 வரி எழுத வேண்டும். அதற்குள் டேட்டாபேஸ் மெனுவில் பாடகருக்கு முன்னால் இசையமைப்பாளர் வரும்படி மாற்றும் ஆசை வந்துவிட்டது. சினிமாப் பாட்டை யாராவது பாடகர் பெயரிலா முதலில் தேடுவார்கள்? அதற்கு இசையமைப்பாளர் டேக் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு காலி. ஹெட்ஃபோன் ஜாக் வேறு ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது, புது ரிப்பனுக்குச் சொல்லியாயிற்று. அது வந்து மூடியைத் திறக்கும் வரை டேக் வேலைதான்.