நெட் லைஃப் சயின்ஸ்: அவரை விதை வரைந்து தேறிய கதை

முந்தாநாள் நெட் தேர்வு (கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்தது. மூன்றாவது முயற்சியில் தேறிவிட்டேன். அம்மாவிடம் போனில் சொல்லும்போது குரலே எழும்பவில்லை.

என்னை இரண்டு முறை கவிழ்த்தது நாலு மார்க் கேள்விகள் வரும் பார்ட் சி, அதிலும் நோய் எதிர்ப்பு பற்றிய இம்யூனாலஜி. ரிசப்டர் (செல்லின் மேல் சைகையை வாங்கும் புரதம்) பெயரெல்லாம் தலைகீழாகத் தெரியும், ஆனால் எந்த செல் எந்த வழியாக நிணநீர் முடிச்சுக்குள் (நோய் எதிர்ப்பு செல்கள் கூடும், அவரை விதை வடிவச் சிறு உறுப்பு) போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எல்லாமே நிணநீரோடுதான் (திசுக்களிலிருந்து வடிந்து வரும் திரவம்) உள்ளே வரும் என்று நினைத்துக்கொண்டு போன முறை பதில் போட்டேன். நாலு மார்க் போனதோடு மைனஸும் விழுந்தது.

அப்புறம்தான் 1950-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் செய்த சோதனையைப் படித்தேன். எலியின் தொராசிக் டக்டில் (நிணநீரை ரத்தத்தில் கொண்டு சேர்க்கும் பெரிய நாளம்) குழாய் வைத்து நிணநீரை வடித்துக்கொண்டே இருந்தால் லிம்ஃபோசைட் (டி செல் போன்ற வெள்ளை அணுக்கள்) வரத்து குறைந்துகொண்டே போகிறது, வடித்த செல்களை ரத்தத்தில் திரும்பச் செலுத்தினால் குறைவதில்லை. அதாவது ஒரே செல்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அன்றிலிருந்து தினமும் காலையில் பழைய பில்லின் பின்பக்கத்தில் நிணநீர் முடிச்சாக ஒரு அவரை விதை வரைந்து, பென்சில் முனையை செல்லாக வைத்து நகர்த்தினேன்.

- டென்ட்ரிடிக் செல் (கிருமியின் துண்டை டி செல்லுக்குக் காட்டும் செல்): தோலிலிருந்து உள்வரும் நிணநீர் நாளம் வழியாக.
- நைவ் டி செல் (இன்னும் தன் கிருமியைச் சந்திக்காதது): பெரும்பாலும் ரத்தத்திலிருந்து, ஹை எண்டோதீலியல் வெனியூல் (முடிச்சுக்குள் இருக்கும் தனி வகைச் சிறு ரத்த நாளம்) வழியாக. எல்-செலக்டின் என்ற ஒட்டுப் புரதத்தால் நாளச் சுவரில் உருளும், சி.சி.ஆர்.7 ரிசப்டர் கீமோகைன் என்ற ஈர்ப்புச் சைகையை உணரும், எல்.எஃப்.ஏ-1 என்ற இன்னொரு ஒட்டுப் புரதம் இறுகப் பிடிக்கும், பிறகு செல் சுவரைக் கடக்கும். இந்த வரிசையைத்தான் மாற்றிப்போட்டுக் கேட்பார்கள்.
- வெளியேற: எஸ்1பி என்ற கொழுப்புச் சைகை. ரத்தத்திலும் நிணநீரிலும் அதிகம், முடிச்சுக்குள் குறைவு, அதனால் செல் அதிகமுள்ள பக்கம் நோக்கி வெளியே போகும்.

தூண்டப்பட்ட டி செல்லில் சி.டி.69 என்ற புரதம் வந்து எஸ்1பி ரிசப்டரை மேற்பரப்பிலிருந்து இறக்கிவிடும், அதனால் செல் சில நாள் உள்ளேயே தங்கிப் பெருகும். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோய்க்குத் தரும் ஃபிங்கோலிமோட் மருந்தும் அதே ரிசப்டரில்தான் கைவைக்கிறது, ரத்தத்தில் லிம்ஃபோசைட் குறைவது அதனால்தான். படம் இருந்தால் இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

எனக்குக் கையால் வரைந்தால்தான் மண்டையில் ஏறும். வீடியோவில் ஓட்டிப் பார்த்தது எதுவும் ஹாலில் உதவவில்லை, அதனால் உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரஃப் ஷீட் கையில் வந்ததும் நான் முதலில் போட்டது அந்த விதையைத்தான்.

மண்ணீரலை மட்டும் தனித் தாளில் வரையுங்கள். அங்கே உள்வரும் நிணநீர் நாளமே கிடையாது, வருவதெல்லாம் ரத்தத்தோடுதான்.