மணல் வந்தால்தான் வெள்ளம்

இயற்கைக்குத் தனி மதிப்பு உண்டா, மனிதனுக்குப் பயன்படுவதால்தான் மதிப்பா? சூழலியல் தத்துவத்தில் ஓயாத சண்டை. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி வழிவந்த நடைமுறைவாதிகள் அதை ஓரம் வைத்துவிட்டு, "சரி, இந்த ஆற்றுக்கு என்ன செய்யலாம்?" என்பார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றையே பாருங்கள். 1963-ல் கிளென் கேன்யன் அணை வந்ததும் மணல் மேலேயே தங்கிவிட்டது. கீழே கிராண்ட் கேன்யனில் மணல்திட்டுகள் கரைந்தன. அவற்றை மீட்க, 1996-ல் அணையிலிருந்து நொடிக்கு 45,000 கன அடி வீதம் 7 நாள் செயற்கை வெள்ளம் விட்டார்கள். திட்டுகள் வளர்ந்தன, சீக்கிரமே கரைந்தும் போயின. ஆற்றின் அடியில் மணல் குவிந்திருக்கும் என்று போட்ட கணக்கு தப்பு. வெள்ளம் பழைய திட்டுகளின் அடிப்பகுதியை அரித்துத்தான் மேலே பூசியிருந்தது. (திட்டுகளைப் படம் எடுத்ததோடு நிறுத்தாமல் ஆற்றடி மணலையும் அளந்ததால்தான் இது தெரிந்தது.)

2004 நவம்பரில், அணைக்குக் கீழே வந்து சேரும் பாரியா துணையாறு புது மணல் கொண்டுவந்த கையோடு, 60 மணி நேரம் மட்டும் திறந்தார்கள். மேல்பகுதியில் பலன் தெரிந்தது. கீழே மணல் போதவில்லை. 2012 முதல் மணல்வரத்தைப் பார்த்துத்தான் வெள்ளம் விடுவது என்று நெறிமுறையே வந்துவிட்டது.

இந்த வெள்ளம் இலவசமில்லை: அணையின் மின்சார டர்பைனுக்குள் போகாமல் சுற்றிப் போகும் தண்ணீரில் மின்சாரம் கிடையாது. மின்சாரம் வாங்குவோர் ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கிறார்கள்.