தேங்காய் ஒன்று 200 ரூபாய்: கொக்குவில் குசினி நாட்குறிப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

சந்தையில் நடுத்தரத் தேங்காய் ஒன்று 200 ரூபாய். சற்றுப் பெரியதைத் தூக்கினால் இன்னும் இருபது ரூபாய் கூடச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணச் சமையலில் தேங்காயை விலக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? காலையில் புட்டுக்கும் சம்பலுக்கும் தேங்காய்ப்பூ, மத்தியானம் வறைக்கும் கறிக்கும், இரவில் இடியப்பத்துக்குச் சொதி. எங்கள் வளவில் நிற்கும் தென்னைகளில் வெள்ளை ஈ பிடித்து, ஓலைகளில் கரும்பூஞ்சணம் படர்ந்து, குரும்பைகள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை நம்பி இந்த ஆண்டு உலை வைக்க முடியாது.

அரிசிக்கு அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போட்டிருக்கிறது. நாட்டரிசி கிலோ 230, பச்சையரிசி 220. விலை எழுதியிருக்கிறது, ஆனால் கடையில் எல்லா நாளும் அரிசி இருப்பதில்லை.

இரவு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கணவருடன் பேசினேன். சாப்பிடுபவர்கள் இவருடைய தாயான மாமி, இவர், நான், நாலு வயது மகள். பெரியவர்களின் தட்டில் எதையும் குறைக்கலாம். மகளின் தட்டில் மீன், முட்டை, பருப்பு, இலைக்கறி நான்கும் குறையக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் 2022 பொருளாதார நெருக்கடி. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயதும் நிறையவில்லை. அதற்கு முந்திய மாதங்களில் பால்மா கிடைக்கவில்லை, எரிவாயு கிடைக்கவில்லை. குரக்கன் கூழும் பருப்பு விட்டுக் குழைத்த சோறும்தான் அவளை வளர்த்தன. கைக்குழந்தைக்காரிகள் அந்த மாதங்களில் பட்ட பயம் சுலபத்தில் போகாது.

தேங்காய்க்கு இனி ஒரு கணக்கு. இரண்டு நாளைக்கு ஒன்று. ஒரு பாதியைத் திருவிப் பிழிந்தால், முதற்பாலில் ஒரு பங்கு மகளின் கஞ்சிக்கும் சொதிக்கும். அடுத்த பால்கள் எங்கள் கறிக்கு. பிழிந்த பூவை ரொட்டி மாவோடு குழைத்துவிடலாம். மற்றப் பாதிக்கு உட்புறம் உப்புத் தடவி வைத்தால் மறுநாள் வரை பழுதாகாது.

ஜனவரி 7, செவ்வாய்

முன்பள்ளி தொடங்கிவிட்டது. பிஸ்கட், சொக்லட், பொரித்த பொதிகள் கொடுத்துவிடக் கூடாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார். மனதார வரவேற்கிறேன். ஒரு பிஸ்கட் பைக்குக் கொடுக்கும் காசுக்குப் பயறு வாங்கலாம். இரவே ஊறப்போட்டால் காலையில் சீக்கிரம் அவிந்துவிடும், விறகும் மிச்சம். உப்பும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் போட்டுப் பிரட்டிக் கொடுத்தேன். பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்தது.

ஜனவரி 10, வெள்ளி

வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. வேலியோரத்து முருங்கையில் ஒரு கொப்பு முறித்துக்கொண்டு வந்தேன். மகளுக்கு இலை உருவுவது பிடித்த வேலை. சுளகை மடியில் வைத்து, ஈர்க்கோடு ஈர்க்காக உருவி, காம்புகளை ஒரு பக்கம் சேர்க்கிறாள். தன் கையால் உருவிய இலை என்றால் தின்னவும் செய்கிறாள். மேசைக்கு வந்த பிறகு கெஞ்சுவதைவிட, சமைப்பதற்கு முன்பே பிள்ளையை வேலையில் சேர்ப்பது எவ்வளவோ மேல்.

வழக்கமான வறைக்குத் தேங்காய்ப்பூ தாராளமாக வேண்டும். இன்று அப்படிச் செய்யவில்லை. இலையைப் பொடியாக அரிந்து, வெங்காயமும் கொஞ்சம் பச்சை மிளகாயும் சேர்த்து, வறுத்த அரிசிமாவோடு புட்டாகக் கொத்தி நீற்றுப்பெட்டியில் அவித்தேன். கீரைப்புட்டு. பெட்டியைக் கவிழ்த்ததும் பச்சையும் வெள்ளையுமாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. மகளின் பங்கை மிளகாய் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டேன். தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டுத் தெளித்தால் முருங்கையிலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

அதே காரணத்துக்காகத்தான் சாப்பாட்டோடு அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று மாமியிடம் கேட்டேன். தேயிலை இரும்பைச் சேரவிடாமல் மறிக்கும்.

“நாங்களெல்லாம் தேத்தண்ணீர் குடித்துத்தானே வளர்ந்தோம், பிள்ளை?” என்றார் மாமி.

“நீங்கள் முருங்கையிலையும் கூழும் ஒடியலும் தின்று வளர்ந்தீர்கள் மாமி. இவளுக்கு அவ்வளவு கிடைப்பதில்லையே.”

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, பின்னேரம் அவளுக்குப் பனங்கட்டி போட்டுப் பால் காய்ச்சிக் கொடுக்கிறேன்” என்றார். அவருடைய பேத்திமீது அவருக்கு என்னைவிடக் குறைந்த அக்கறை இல்லை.

இரவு இடியப்பத்துக்குப் பசும்பாலில் சொதி. பக்கத்து வீட்டில் பசு நிற்கிறது, அரைப் போத்தல் பால் அரைத் தேங்காயைவிட மலிவு. வெங்காயம், உள்ளி, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலையைத் தண்ணீரில் அவியவிட்டு, அடுப்பைத் தணித்த பிறகுதான் பாலை விட வேண்டும். தேசிக்காயைச் சட்டிக்குள் பிழிந்தால் பால் திரைந்துவிடும், அவரவர் தட்டிலேயே பிழியட்டும். தேங்காய்ப்பாலின் கொழுப்பும் மணமும் இதில் இல்லை என்பது உண்மை. இவர் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அதுவும் உண்மை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். முற்றத்தில் பானை வைத்து, முதற்பால் விட்டு, பயறு, சர்க்கரை, முந்திரிகை வற்றல் எல்லாம் போட்டுத்தான் பொங்கினோம். இன்று தேங்காய்க் கணக்கு எழுதவில்லை.

ஜனவரி 18, சனி

பனங்கிழங்குக் காலம். மாமியின் தம்பி சைக்கிளில் இரண்டு கட்டுக் கிழங்கும், கிழங்கு கிண்டிய பாத்தியில் எடுத்த ஊமல், அதாவது முளைவிட்ட பனங்கொட்டை, ஒரு சாக்கும் கட்டிக்கொண்டு வந்தார். இந்த மாதம் இதைவிடப் பெரிய கொடை எங்களுக்கு இல்லை.

கிழங்கில் ஒரு கட்டை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்தோம். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, குருத்தை நீக்கி, தும்பை இழுத்துவிட்டு, சின்னத் துண்டுகளாக முறித்துக் கொடுத்தால் மகள் சப்பித் தின்கிறாள். தும்பு தொண்டையில் சிக்காமல் பார்க்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மிஞ்சிய கிழங்கை மாமி உள்ளி, மிளகு, உப்போடு உரலில் இடித்து உருண்டையாக்கினார். அதில் தேங்காய்ப்பூ இரண்டு பிடி. அந்த உருண்டையோடு பின்னேரத் தீன் முடிந்தது.

இரண்டாம் கட்டை அவித்துக் கீறி வெயிலில் போட்டோம். புழுக்கொடியலாகக் காய்ந்தால் மாதக்கணக்கில் இருக்கும். இடித்து மாவாக்கி, சீனியும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் பிசைந்தால் முன்பள்ளிக்குக் கொடுத்துவிட இன்னொரு தீன். அவிக்காமல் காயவைத்தால் ஒடியல், அதை அடுத்த கட்டு வரும்போது செய்ய வேண்டும். கூழுக்கு அது இல்லாமல் முடியாது.

ஊமலை மாமி கத்தியால் பிளந்து, முளைத்த கொட்டைக்குள் இருக்கும் பருப்பான பூரானை எடுத்து மகளின் வாயில் வைத்தார். மெத்தென்று, இலேசான இனிப்போடு இருக்கும். மகள் கண்ணை விரித்து, “அப்பம்மா, கொட்டைக்குள் யார் இதை வைத்தது?” என்று கேட்டாள். மாமி அவளை மடியில் இருத்தி, பனம்பழம் விழுந்ததிலிருந்து தொடங்கி, கொட்டையைப் பாத்தியில் அடுக்கியது, அது முளை விட்டுக் கீழே கிழங்கு இறங்கியது எல்லாம் சொன்னார். பூரான் தின்ற பிறகு கோது அடுப்புக்கு. ஊமல் நின்று எரியும், பருப்பு அவிக்க நல்ல நெருப்பு. எரிவாயுவைக் காலை நேரத்து அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். பழத்தில் பணியாரமும் பனாட்டும், கொட்டையில் கிழங்கும் பூரானும், கோதில் நெருப்பும் தருகிற மரத்தை வைத்துக்கொண்டு, கடையில் தொங்கும் பொதிகளுக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறோமே என்று எனக்கு வயிறு எரிகிறது.

ஜனவரி 22, புதன்

வாடைக் காற்றில் கடல் கொந்தளிப்பு, மீன் குறைவு. விளைமீன் பக்கம் போகவே முடியவில்லை. சூடை ஒரு கூறு வாங்கினேன். சிறுமீனை மலிவென்று ஒதுக்குபவர்கள் உண்டு. முள்ளோடு தின்னக்கூடிய மீனில் இருக்கும் கல்சியம் பெரிய மீனின் தசைத் துண்டில் இல்லை. பழப்புளி விட்டு, மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் வற்றக் காய்ச்சினால் சின்ன முள் மெத்தென்று ஆகிவிடும். மகளுக்கு நடு முள்ளை எடுத்துவிட்டுச் சதையைச் சோற்றோடு பிசைகிறேன்.

எங்கள் தூள் அவளுக்கு உறைக்கும். அதற்காக அவளுக்கென்று வேறு சமையல் செய்ய விறகும் நேரமும் இல்லை. சட்டியில் மஞ்சள், உள்ளி, வெந்தயம், புளி போட்டு மீன் வெந்ததும் அவளுடைய பங்கைச் சின்னச் சட்டிக்கு மாற்றிவிடுவேன். பிறகுதான் தூள். எல்லாக் கறிக்கும் இந்த வழிதான், கத்தரிக்காய் ஆனாலும் பருப்பு ஆனாலும். ஒரே நெருப்பு, இரண்டு கறி.

ஜனவரி 23, வியாழன்

இரவு குழையல். மத்தியானச் சோற்றில் மிஞ்சியது, பருப்பு, நேற்றைய மீன் கறியைச் சூடாக்கி எடுத்த குழம்பு, வாழைக்காய்ப் பிரட்டல் கொஞ்சம். எல்லாவற்றையும் பெரிய சட்டியில் போட்டு மாமி பிசைந்தார். நாங்கள் சுற்றி இருந்து கையை நீட்ட, ஒவ்வொரு உருண்டையாக வைத்தார். மகளுக்கு மட்டும் உறைப்பில்லாத சோற்றில் தனி உருண்டை, அளவும் சின்னது. வழக்கமாக இரவுச் சோற்றுக்கு அவளைத் துரத்திக்கொண்டு திரிய வேண்டும். இன்று தன் முறை வரும் வரை கையை நீட்டியபடியே இருந்தாள். “எனக்கு, எனக்கு” என்று தகப்பனோடு போட்டி. சட்டி வழித்துத் துடைக்கப்பட்டது. ஒரு பருக்கையும் வெளியே போகவில்லை.

ஜனவரி 29, புதன்

கிளினிக்கில் நிறை பார்த்தார்கள். வளர்ச்சி அட்டையில் புள்ளி முன்னையதைவிட மேலே ஏறியிருக்கிறது. பெரிய நிம்மதி.

பக்கத்தில் இருந்த தாயின் பிள்ளைக்கு நிறை போதாது என்று திரிபோஷப் பை கொடுத்தார்கள். சோளம், சோயா, பால்மா கலந்த மா அது. வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள், எல்லோரும் கேட்பார்கள், என்ன செய்வது என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னார். அவரை எப்படிக் குறை சொல்வது? ஆனால் நிறை குறைந்த பிள்ளைக்கென்று அளந்து கொடுத்தது நாலாகப் பிரிந்தால் அந்தப் பிள்ளைக்குப் பயன் இல்லை. மற்றவர்களுக்குப் பயறோ கௌபியோ அவித்து, அதே நேரத்தில் பக்கத்திலேயே கொடுக்கலாம் என்றேன். புழுக்கொடியல் மா செய்யும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன். காய்ந்ததும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பெப்ரவரி 2, ஞாயிறு

காலைக்கு மரவள்ளி. பாணைவிட மலிவு, வயிறும் நிறையும். தோலை முழுதாக நீக்கி, துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும். மரவள்ளியில் இயல்பாகவே நச்சுத்தன்மை உண்டு, பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் அசட்டை கூடாது. மரவள்ளியோடு இஞ்சி சேரக் கூடாது என்ற நம்பிக்கையில், அது சமைக்கும் நாளில் மாமி இஞ்சியைக் குசினியிலேயே வைக்க மாட்டார். கிழங்கு பெரும்பாலும் மாச்சத்துத்தான், அதனால் மகளுக்கு அவித்த முட்டை ஒன்றும் சேர்த்து. எங்களுக்கு இடித்த சம்பல். செத்தல் மிளகாயும் வெங்காயமும் புளியும் கூடுதலாக, தேங்காய்ப்பூ பாதியாக.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மட்டுவிலில் இருந்து என் மாமா புது நெல் கொடுத்தனுப்பியிருந்தார், மொட்டைக்கறுப்பன். நேற்றுக் குற்றிவித்து, இன்று புதிர் எடுத்தோம், அதாவது புது அரிசியை முதன்முதலாகச் சமைத்து உண்டோம். புது அரிசிச் சோற்றின் மணத்துக்கு மகள் அடுப்படியை விட்டு அசையவில்லை. கத்தரிக்காய், பயிற்றங்காய், பருப்பு, வாழைப்பொத்தி வறை, அப்பளம். வாழைப்பொத்தி வளவில் வெட்டியது.

புது அரிசி உலையில் சீக்கிரம் குழைந்துவிடும், தண்ணீரைக் குறைத்து வைக்க வேண்டும். சோற்றுக்கு அது குறை, கஞ்சிக்கு அதுவே நிறை. நாளைக் காலையில் ஒரு பிடி அரிசியும் பயறும் போட்டுக் கரைய விட்டு, இறக்கும்போது வல்லாரைச் சாறு விட்டு மகளுக்குக் கொடுக்கப் போகிறேன். மில்லிலிருந்து தவிட்டையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறார் இவர். அதைப் பக்கத்து வீட்டுப் பசுவுக்குக் கொடுத்தால், பால் கணக்கில் கழித்துக்கொள்வதாக அந்த அக்கா ஒத்துக்கொண்டுவிட்டார்.