பேசாமலே களைக்கும் தொண்டை

விடைத்தாள் திருத்தும் நாட்களில் வகுப்பு கிடையாது. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டது மாதிரி இருக்கும். ஐம்பது பிள்ளைகள், தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன், இதற்கு நடுவே பாடம் எடுத்துக் குரல் போனால் நியாயம். சும்மா உட்கார்ந்து சிவப்புப் பேனா பிடித்தவளுக்கு என்ன வந்தது?

டீ கொண்டுவந்த ஆயாதான் ஒருநாள் கேட்டார்: "என்ன டீச்சர், பல்லைக் கடிச்சிக்கிட்டே இருக்கீங்க? பசங்க ஒண்ணுமே எழுதலியா?"

பசங்க நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். நான்தான் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்ட, நாக்கை அண்ணத்தில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொண்டையில் இரண்டு விரல் வைத்துக்கொண்டு அடுத்த தாளைப் படித்தேன். புரியாத கையெழுத்து வரும் இடத்தில் உள்ளே ஏதோ லேசாக இறுகியது. மனசுக்குள் படிக்கும்போதும் குரல்வளைத் தசைகள் கொஞ்சம் வேலை செய்யத்தான் செய்கின்றன. குரல்வளைக்கு மேலே ஹயாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. வேறு எந்த எலும்போடும் மூட்டுப் போடாமல், தசைகளிலும் தசைநார்களிலும் தொங்குகிறது. தாடை, நாக்கு, குரல்வளை மூன்றின் தசைகளும் அதில் வந்து சேர்வதால், ஒன்று இறுகினால் மற்றவையும் இழுபடும்.

தொண்டைத் தொல்லை எனக்கு மட்டும் வந்ததல்ல. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1869-இல் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர் மேடையில் ஷேக்ஸ்பியர் ஒப்பிப்பவர். ஓய்வெடுத்தால் குரல் தேறும். மேடை ஏறினால் மறுபடி கம்மிவிடும். அப்படியானால் பேசும்போது தானே ஏதோ செய்கிறோம் என்று யோசித்துக் கண்ணாடி முன் நின்று பார்த்தார். தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையைக் கீழே அமுக்கி, வாயால் மூச்சை உறிஞ்சுவது தெரிந்தது. அதைவிட முக்கியமாக, பேச வேண்டும் என்று நினைத்த மாத்திரத்திலேயே அந்த இழுப்பு ஆரம்பித்துவிடுகிறது என்றும் கண்டுகொண்டார்.

இதைப் படித்த பிறகு வகுப்பில் என்னையே கவனித்தேன். கரும்பலகையிலிருந்து திரும்பும் அந்த ஒரு நொடியில் மோவாய் முன்னே நீள்கிறது, பின்கழுத்து சுருங்குகிறது, அப்புறம்தான் "கவனிங்க!" வருகிறது. சொல் வருவதற்கு முன்பே தொண்டை பாதி வேலையை முடித்துவிடுகிறது.

சரி, தளர்த்துவோம் என்று முயன்றால் அங்கேதான் சிக்கல். 'நேரா உட்காரு' என்று நமக்கு நாமே போடும் அதட்டலில் கழுத்து இன்னும் விறைக்கிறது. எனக்குச் சரிப்பட்டு வந்தது எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் வழி. தோளைக் காதுவரை வேண்டுமென்றே தூக்கி இறுக்கிப் பிடித்து, பிறகு அப்படியே விட்டுவிட வேண்டும். இறுக்கம் எது, தளர்வு எது என்று உடம்புக்கே அப்போது பிடிபடுகிறது. மற்றபடி உதடு மூடியிருக்க, பல் ஒட்டாமல் இருந்தால் போதும். ஒவ்வொரு தாளின் கடைசிப் பக்கத்திலும் மார்க் கூட்டும் முன் ஒருமுறை மூச்சை முழுசாக வெளியே விடுகிறேன். (குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் இதையெல்லாம் நம்பிக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.)

வகுப்பில் இப்போது திரும்பியதும் பேசுவதில்லை. கழுத்தைத் தளர விட்டு, ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். சில வகுப்புகள் அதற்குள் அடங்கிவிடும். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு அடங்காது. அங்கே டஸ்டரால் மேசையைத் தட்டிவிடுவேன். தொண்டைக்கு அது எவ்வளவோ தேவலை.